தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தை அறிந்துகொள்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

துப்பாக்கி சுடும் விளையாட்டில் புதிதாகச் சேர்பவர்களும், தாத்தா வைத்திருந்த உரிமத் துப்பாக்கியை முறைப்படி தம் பெயருக்கு மாற்றிக்கொண்டவர்களும், பழைய படைக்கலன்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்களும் தோட்டாவைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் தொடங்குகிறார்கள்: எந்த மருந்துக்குச் சக்தி அதிகம்? இந்தக் கேள்வியை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். குண்டைக் குழலுக்கு வெளியே தள்ளும் உந்துமருந்து எவ்வளவு சக்தி தருகிறது என்பதைவிட, அந்தச் சக்தியை எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில், எந்தக் குழலுக்குள் தருகிறது என்பதே முக்கியம். ஆயிரம் ஆண்டு வரலாறும் அந்த ஒழுங்கைக் கையில் பிடிப்பதற்கு மனிதர் எடுத்த முயற்சியின் வரலாறுதான். கீழே உள்ள படிகளை வரிசையாகப் படித்தால், ஒரு தோட்டாவைப் பார்த்ததும் அதனுள் என்ன இருக்கக்கூடும், அது எந்தத் துப்பாக்கிக்கு உரியது, எப்போது அதை நம்பக் கூடாது என்பது விளங்கும்.

மருந்து செய்யும் முறையும் நிரப்பும் அளவுகளும் இக்கட்டுரையில் இல்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ (தோட்டா முதலியவை) பற்றிய வரையறை முழுத் தோட்டாவோடு நின்றுவிடவில்லை. துப்பாக்கிக்கான மருந்தும் அதற்குரிய துணைப்பொருட்களும் அதில் அடங்கும். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். அதைவிட முக்கியமாக, வீட்டில் செய்து பார்ப்பவர்களின் விரலையும் கண்ணையும் பறிக்கும் செயல்.

முதல் படி: தோட்டாவின் உறுப்புகளைப் பிரித்தறிதல்

பேச்சு வழக்கில் தோட்டா என்றாலும் குண்டு என்றாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். வேலை தொடங்கும்முன் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தோட்டா என்பது நான்கு பொருட்கள் சேர்ந்த முழு அலகு. பித்தளையாலோ, எஃகாலோ, சிறு குண்டுகளைக் கொத்தாகச் சுடும் ரவைத் துப்பாக்கியாக இருந்தால் பிளாஸ்டிக்காலோ ஆன கூடு ஒன்று. கூட்டின் அடியில் சுத்தியல் முனை பட்டதும் தீப்பொறி தரும் பிரைமர் இரண்டு. கூட்டுக்குள் நிரம்பியிருக்கும் உந்துமருந்து மூன்று. முன்வாயில் செருகியிருக்கும் குண்டு அல்லது ரவைகள் நான்கு. குழல் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலமான துப்பாக்கிக்குரிய .22 வகைத் தோட்டாவில் மட்டும் பிரைமர் தனித் துண்டாக இராது. அதன் வேதிப்பொருள் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கும்.

பிரைமரில் இருப்பதும் கூட்டில் இருப்பதும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த பொருட்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிரைமர் ஒரு தட்டுக்கே வெடிக்கும். உந்துமருந்து தட்டினால் வெடிப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. சுத்தியல் முனை பிரைமரை நசுக்க, பிரைமரின் சுடர் மருந்தைப் பற்றவைக்க, மருந்து எரிந்து வாயுவாக, அந்த வாயு குண்டைத் தள்ள, எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. மருந்தின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டின் வேகமாக மாறுகிறது. மீதி, குழலைச் சூடாக்குவதிலும் வாய்முனையில் பீறிடும் வாயுவிலும் போய்விடும்.

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்கும் புதியவர்களுக்கு ஒரு சொல்: அதில் உந்துமருந்தே கிடையாது, அழுத்தப்பட்ட காற்றுதான் வேலை செய்கிறது. .22 துப்பாக்கிக்கு மாறும் நாளிலிருந்துதான் இக்கட்டுரையின் பொருள் உங்கள் கைக்கு வருகிறது.

இரண்டாம் படி: எரிவதையும் வெடிப்பதையும் வேறுபடுத்துதல்

டைனமைட் போன்ற பொருளில் வேதிமாற்றம் ஒலியைவிட வேகமான அதிர்வலையாகப் பொருளினூடே பாய்கிறது. அப்படிப்பட்ட பொருளைத் துப்பாக்கிக்குள் வைத்தால் குண்டு நகரத் தொடங்குவதற்கு முன்பே குழல் சிதறிவிடும். உந்துமருந்தோ மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிகிறது. நாம் காதால் கேட்கும் வெடிச்சத்தம் எரிந்த வாயு குழலின் வாயைத் திடீரென்று கடக்கும்போது எழுவது.

இந்த எரிதலில் ஒரு முக்கியமான குணம் உண்டு. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்து (நான்காம் படியில் காண்போம்) எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். திறந்த வெளியில் சிறிதளவு மருந்து பற்றிக்கொண்டால் மஞ்சள் சுடருடன் சீறி எரிந்து அடங்கும். அதே மருந்து துப்பாக்கியில் தோட்டா அமரும் மூடிய அறைக்குள் எரிந்தால், எரிவதால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறியதால் இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் மேலும் ஏறும். குண்டு முன்னே நகர்ந்து இடம் கொடுப்பதால்தான் இந்தச் சுழல் கட்டுக்குள் நிற்கிறது. குழலில் அடைப்பு இருந்தாலோ, குண்டு தேவைக்கு மேல் கனமாக இருந்தாலோ, கூட்டுக்குள் மிக ஆழமாக அமுங்கியிருந்தாலோ அந்தச் சமநிலை குலைகிறது. துப்பாக்கி வெடித்துக் கைகள் சிதைந்த விபத்துகள் பலவற்றின் அடியில் இந்த ஒரே காரணம் இருக்கிறது. ஆகவே இந்தப் படியை அவசரப்படாமல் புரிந்துகொள்ளுங்கள். பின்வருவன எல்லாம் இதன் மேல் கட்டப்பட்டவை.

மூன்றாம் படி: கருமருந்தைத் தெரிந்துகொள்ளுதல்

வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையான கருமருந்து சீனாவில் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் தோன்றி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உலகின் ஒரே உந்துமருந்தாக இருந்தது. இதில் கரியும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கான ஆக்சிஜனை வெடியுப்பு தருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பட்டும் மிளகும் போனது பலருக்கும் தெரியும். பீகார்ப் பகுதியில் மண்ணிலிருந்து வடித்தெடுத்த வெடியுப்பும் பாட்னா வழியாக மூட்டை மூட்டையாகப் போனது. ஐரோப்பாவில் நடந்த போர்கள் பலவற்றின் மருந்தில் நம் நாட்டு உப்பு கலந்திருந்தது.

கருமருந்தின் குறை அதன் புகையிலேயே தெரியும். எரிந்த பொருளில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் திடத்துகளாகவே எஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாகக் கண்ணை மறைக்க, மறு பகுதி குழலுக்குள் கரிப்படிவாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த பழைய ஆட்கள் சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசியதற்குக் காரணம் இதுவே. படிவில் உள்ள உப்புகள் எண்ணெயில் கரையா, நீரில்தான் கரையும்.

அதன் எரிவேகம் அழுத்தத்தை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. எனவே திறந்த வெளியிலும் பளிச்சென்று ஒரே மூச்சில் பற்றிவிடும். நிலைமின் பொறி, உராய்வு, பீடிக் கங்கு எதுவும் அதற்குப் போதும். சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. வகைப்பாட்டில் மணிகளாக உள்ள கருமருந்து ஒட்டுமொத்தமாக வெடிக்கும் பொருட்களுக்கான 1.1 பிரிவிலும், புகையற்ற மருந்தில் பெரும்பகுதி தீப்பற்றும் ஆபத்து மேலோங்கிய 1.3 பிரிவிலும், முழுமையாகக் கட்டிய சிறு தோட்டாக்கள் ஆபத்து மிகக் குறைந்த 1.4 எஸ் பிரிவிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பழசு என்பதால் கருமருந்து சாது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

கருமருந்தில் எரிவேகத்தைக் கட்டுப்படுத்த இருந்த முதன்மையான வழி மணியின் பருமன்தான். பெரிய மணி மெதுவாகவும் சிறிய மணி வேகமாகவும் எரியும். பீரங்கிக்குப் பருமணி, கைத்துப்பாக்கிக்கு நுண்மணி. இன்றும் குழலின் வாய்வழியாக மருந்தை நிரப்பும் துப்பாக்கிகளுக்கான போட்டிகளில் இந்த மருந்து புழங்குகிறது. பெரும் பீரங்கிகளில் பற்றவைக்கும் முதல் தீயாகவும் அது தொடர்கிறது. அதன் சூடான துகள்கள் மற்ற மருந்தைச் சீராகப் பற்றவைப்பதில் வல்லவை.

நான்காம் படி: புகையற்ற மருந்தின் மூன்று குடும்பங்கள்

1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியலாளர் ஷான்பைன், நைட்ரிக் அமிலத்தால் மாற்றப்பட்ட பஞ்சைப் பற்றி அறிவித்தார். புகையே இல்லாமல், கருமருந்தைப் போல் பல மடங்கு ஆற்றலுடன் எரிந்த அந்தப் பஞ்சு ஐரோப்பியப் படைகளை மயக்கியது. ஆனால் மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலையில் அது வெடித்து உயிர்களைக் குடித்தது. பஞ்சின் இழைகளுக்கிடையே எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால் தீ உள்ளே புகுந்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அதை எந்தத் துப்பாக்கியாலும் அடக்க முடியவில்லை. சக்தி மிகுந்த பொருள் கையில் இருந்தும் நாற்பது ஆண்டுகள் அது உந்துமருந்தாக ஆகாமல் காத்திருந்ததை, சக்தியைப் பற்றிய கேள்வியோடு வருபவர்கள் கட்டாயம் அறிய வேண்டும்.

1884இல் பிரான்சின் பால் வியேய் அதற்கு வழி கண்டார். அமிலமேற்றிய பஞ்சைக் கரைப்பான்களால் கூழாக்கி, துளையற்ற கடினப் பொருளாக இறுக்கி, மெல்லிய தகடுகளாக வெட்டியதும், தீ மேற்பரப்பிலிருந்து மட்டுமே உள்ளே நகர்ந்தது. தகட்டின் தடிமனை மாற்றினால் எரியும் நேரத்தை மாற்றலாம் என்பதே அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். பூத்ர் பி என்று பெயரிடப்பட்ட அம்மருந்துக்கென்றே 1886இல் பிரெஞ்சுப் படையின் லெபெல் ரைபிள் வந்தது. அதுவரை இருந்த படைத்துப்பாக்கிகள் எல்லாம் பழசாகிப் போயின. அமிலமேற்றிய அந்தப் பஞ்சின் வேதிப்பெயர் நைட்ரோசெல்லுலோஸ்; அது ஒன்றையே ஆற்றல் தரும் பொருளாகக் கொண்ட இவ்வகையை ஒற்றை அடிப்படை மருந்து என்கிறார்கள். ஒப்பீட்டளவில் குளிர்ந்த சுடர் கொண்டதால் குழலைக் குறைவாகவே தேய்க்கும். இன்றைய ரைபிள் தோட்டாக்களில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

நைட்ரோசெல்லுலோசுடன் நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவமும் சேர்ந்தால் அது இரட்டை அடிப்படை. ஆல்பிரட் நோபல் 1887இல் பாலிஸ்டைட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார். 1889இல் பிரிட்டனின் பிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டீவரும் உருவாக்கிய கார்டைட் மருந்தும் இதே குடும்பம். கயிறு (ஆங்கிலத்தில் கார்ட்) போன்ற நீண்ட இழைகளாகப் பிழிந்தெடுத்ததால் அந்தப் பெயர் பெற்றது. தம் காப்புரிமையை மீறிவிட்டார்கள் என்று நோபல் தரப்பு தொடுத்த வழக்கு 1895இல் பிரிட்டனின் உச்ச நீதி மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போய்த் தோற்றது. இரட்டை அடிப்படை மருந்து ஒரே எடைக்கு அதிக ஆற்றலும் எளிதில் பற்றும் தன்மையும் தரும். ஆனால் சுடர் சூடானது, குழலை வேகமாக அரிக்கும். பிஸ்டல், ரவைத் துப்பாக்கி, மோர்ட்டார் ஆகியவற்றின் மருந்தில் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

பிரிட்டிஷ் படை ரைபிளுக்கான .303 தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். 1888இல் அது அழுத்திக் கட்டிய கருமருந்துடன்தான் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் கார்டைட்டுக்கு மாறியது. கூட்டின் கழுத்து குறுகுவதற்கு முன்பே கார்டைட் இழைக்கட்டை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு கழுத்தை ஒடுக்கினார்கள். பிற்காலத்தில் ஒற்றை அடிப்படை மருந்து நிரப்பியவற்றைப் பிரித்தறியக் கூட்டின் அடியில் 7 என்ற எண்ணுடன் இசட் எழுத்தைப் பொறித்தார்கள். பழந்தோட்டா சேகரிப்பவர்கள் கூட்டைத் திறக்காமலேயே உள்ளிருப்பதை ஊகிக்க அந்த ஓரெழுத்து உதவும்.

நீலகிரியில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைக்குத் தேவையான கார்டைட்டை இங்கேயே செய்வதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆலை எழுப்பப்பட்டது. ஆலைக்கான மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி அருவியிலிருந்து எடுக்கப்பட்டது. கார்டைட் ஃபேக்டரி என்ற பெயர் இன்னும் அந்த ஊரில் நிலைத்திருக்கிறது. 2021 அக்டோபரில் படைக்கல ஆலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. நம் ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக உந்துமருந்துத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது குடும்பம் மூன்று அடிப்படை மருந்து. இதில் நைட்ரோகுவானிடின் என்ற பொருளும் சேர்கிறது. ஆற்றல் குறையாமல் சுடரின் வெப்பமும் வாய்முனை ஒளிவீச்சும் தணிவதால் கடற்படைப் பீரங்கிகளுக்கும் டாங்கிப் பீரங்கிகளுக்கும் இது உகந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இதை நீங்கள் சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஐந்தாம் படி: மணியின் வடிவத்தைப் படித்தல்

ஒரே வேதிப்பொருளை வெவ்வேறு வடிவில் வெட்டினால் வெவ்வேறு மருந்தாகிவிடும். விறகு அடுப்பில் சுள்ளியும் கட்டையும் எரியும் வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருண்டை, தட்டையான செதில், துளையற்ற குச்சி ஆகியவை எரிய எரியச் சிறுத்துக்கொண்டே போவதால் அவற்றின் எரிபரப்பு குறைந்துகொண்டே வரும். வாயு தொடக்கத்தில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் கிடைக்கும். நடுவில் ஒரு துளையிட்ட குழாய் மணியில் வெளிப்பரப்பு குறையும் அளவுக்கு உட்பரப்பு கூடுவதால் வாயு ஏறத்தாழ ஒரே சீராக வரும். ஏழு துளையிட்ட மணியிலோ எரிபரப்பு நேரம் செல்லச் செல்லப் பெருகும். குண்டு நீண்ட குழலில் முன்னேற முன்னேறப் பின்னால் தள்ளும் வாயுவும் கூடிக்கொண்டே போகும். பெரிய பீரங்கிகளுக்கு ஏழு துளை மணி விரும்பப்படுவது இதனால்தான்.

சிறு தோட்டாக்களின் மணிகள் மிகச் சிறியவை. அவற்றில் ஏழு துளையிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே மணியின் மேற்பரப்பில் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு ஊறவைக்கப்படுகிறது. தொடக்கத்தில் மெதுவாக எரிந்து, பூச்சைக் கடந்ததும் வேகம் பிடிக்கும். அதற்கும் மேல் கிராபைட் தூள் பூசப்படும். நிலைமின்சாரத்தைத் தணிப்பதும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளச் செய்வதும் அதன் வேலை. பெரும்பாலான மருந்துகள் கருஞ்சாம்பல் நிறத்தில் மினுங்குவதற்கு இந்தக் கிராபைட்டே காரணம்.

இதனால் புதியவர்களுக்கு வரும் ஆபத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிக வேகமான பிஸ்டல் மருந்தும் மெதுவான ரைபிள் மருந்தும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து எந்த மருந்தையும் அடையாளம் காணக் கூடாது; தயாரிப்பாளரின் முத்திரையிட்ட டப்பாவும் அதன் சீட்டும் மட்டுமே அடையாளம். சீட்டு கிழிந்த டப்பாவில் இருப்பது எவ்வளவு நல்ல மருந்தானாலும் அது கழிவுதான்.

ஆறாம் படி: துப்பாக்கிக்கும் மருந்துக்கும் பொருத்தம் பார்த்தல்

ரவைத் துப்பாக்கியின் குழல் அகலமானது, சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்திலேயே முழுமையாக எரிந்து முடியும் வேகமான மருந்து அதற்கு வேண்டும். பிஸ்டலின் குழல் குட்டையானது. குண்டு வெளியேறும் முன் எரிந்து முடிய வேண்டுமென்பதால் அதற்கும் வேகமான மருந்தே. ரைபிளில் நீண்ட குழலும் பெரிய கூடும் இருப்பதால் மெதுவான மருந்து நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. வகுத்த மேல்வரம்புகளைப் பார்த்தால் இடைவெளி புரியும்: சாதாரண 12 போர் ரவைத் தோட்டாவுக்கு 740 பார், பிஸ்டல் தோட்டாவான 9 மி.மீ. பாராபெல்லத்துக்கு 2350 பார், ரைபிள் தோட்டாவான .308 வின்செஸ்டருக்கு 4150 பார். ஒரு பார் என்பது ஏறத்தாழ நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம்.

குடும்பச் சொத்தாக வந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கருமருந்துக்கென்று செய்யப்பட்ட குழல்கள், குறிப்பாக இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்கள், இன்றைய புகையற்ற தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களில் சோதித்துத் தேறிய துப்பாக்கிகளின் குழலில் புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள்படும் நைட்ரோ புரூஃப் என்ற பொறிப்பு இருக்கும். அது இல்லையென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவைக்கூட அதில் போடக் கூடாது. பொறிப்பு இருந்தாலும் குழல் துருப்பிடித்து மெலிந்திருக்கலாம்; எப்படியும் ஒருமுறை காட்டுவதே சரி. வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இடுவது எக்காலத்திலும் கூடாது.

பொருத்தம் தவறினால் என்னவாகும் என்பதற்கு வியட்நாம் போரில் அமெரிக்கப் படை கண்ட அனுபவத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. எம்-16 ரைபிள் குச்சி வடிவிலான ஐ.எம்.ஆர். 4475 மருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. படைக்குப் பெருமளவில் தோட்டா வாங்கும்போது டபிள்யூ.சி. 846 என்ற உருண்டை மணி மருந்துக்கு மாறினார்கள். உருண்டை மருந்து மோசமான மருந்தல்ல. குண்டுக்குத் தேவையான வேகத்தைக் குறைவில்லாமல் தந்தது. ஆனால் அது எரிந்த விதம் வேறு. குழலின் நடுப்பகுதியிலிருந்து வாயுவை எடுத்து இயங்கும் அந்தத் துப்பாக்கியில், வாயு எடுக்கும் துளையருகே அழுத்தம் முன்பைவிட உயர்ந்து, இயங்குறுப்புகள் வடிவமைத்ததைவிட வேகமாக ஓடின. அமில எச்சத்தைத் தணிக்க மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. சுத்தம் செய்யவே தேவையில்லாத துப்பாக்கி என்ற தவறான எண்ணத்தோடும் போதிய துடைப்புக் கருவிகள் இல்லாமலும் வீரர்களிடம் அது கொடுக்கப்பட்டிருந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. சுட்ட கூடு அறையில் சிக்கிக்கொண்டு, எதிரியின் முன்னால் துப்பாக்கி செயலற்றுப் போன வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து, மருந்து மாற்றத்தையும் ஒரு காரணமாகச் சுட்டியது. பிறகு மருந்தின் கால்சியம் அளவு குறைக்கப்பட்டு, அறைக்குப் பூச்சிட்டு, இயங்குறுப்பின் வேகத்தைத் தணிக்கும் பாகத்தை மாற்றி, துடைக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியதும் அதே உருண்டை மருந்தோடு அதே துப்பாக்கி நம்பத்தக்கதாயிற்று. நல்ல மருந்து, நல்ல துப்பாக்கி என்று தனித்தனியே பேசிப் பயனில்லை என்பதை அந்த வீரர்களின் உயிரை விலையாகக் கொடுத்து அறிந்தார்கள். நாம் படித்து அறிந்துகொள்ளலாம்.

குண்டில்லாத வெற்றுத் தோட்டாவிலும் இதே விதி உண்டு. தள்ளுவதற்குக் குண்டு இல்லாததால் அழுத்தம் தானாக ஏறாது. ஆகவே மிக வேகமான மருந்தையே அதில் இடுகிறார்கள். படப்பிடிப்பிலும் மரியாதை வேட்டிலும் பயன்படும் அந்தத் தோட்டா, வாய்முனைக்கு அருகில் இருப்பவரைக் கொல்லக் கூடியது. பெரும் பீரங்கியில் மருந்து கூட்டுக்குள் அடைபடாமல் பைகளாகவோ தொகுதிகளாகவோ வருகிறது. குறி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எத்தனை தொகுதிகள் இடுவதென்று முடிவு செய்வார்கள். போர் விமானத்திலிருந்து விமானியின் இருக்கையை வெளியே எறிவதற்கும் உந்துமருந்துதான் உதவுகிறது. அங்கே அது உயிர் காக்கும் பொருள்.

ஏழாம் படி: வெப்பமும் வயதும்

மருந்தின் வெப்பநிலை ஏறினால் எரிவேகமும் அழுத்தமும் ஏறும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவும் ஒன்றுபோல் சுடா. சுடுதளத்தில் தோட்டாப் பெட்டியை நிழலில் வைப்பதும், பலமுறை சுட்டுச் சூடேறிய அறைக்குள் அடுத்த தோட்டாவை நெடுநேரம் வைத்திருக்காமல் இருப்பதும் பழக்கமாக வேண்டும்.

வயதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு ஆனாலும் கெடாது. நைட்ரோசெல்லுலோஸ் அப்படியல்ல, செய்த நாளிலிருந்தே அது மிக மெதுவாகச் சிதைகிறது. சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். அவற்றை உறிஞ்சிக்கொள்வதற்காக டைஃபினைலமின் போன்ற நிலைப்படுத்தி ஒன்று சேர்க்கப்படுகிறது. அந்த நிலைப்படுத்தி தீர்ந்துபோனால் சிதைவு கட்டுக்கடங்காமல் போய், உள்ளேயே சூடேறி, எவரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1907 மார்ச்சில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனா தூலோன் துறைமுகத்தில் வெடித்ததற்கும், 1911 செப்டம்பரில் அதே துறைமுகத்தில் லிபெர்த்தே கப்பல் நூற்றுக்கணக்கானவர்களோடு அழிந்ததற்கும் கெட்டுப்போன பூத்ர் பி மருந்தே காரணமாகக் கொள்ளப்பட்டது. எந்த மருந்து பிரான்சை ஒரே நாளில் முன்னணிக்குக் கொண்டுவந்ததோ, அதுவே வயதானதும் அதன் கப்பல்களைத் தின்றது.

கெட்ட மருந்தின் அறிகுறிகள் மூன்று: மூக்கைத் துளைக்கும் அமில நெடி, டப்பாவைத் திறந்ததும் எழும் செம்பழுப்புப் புகை, மணிகளின் மேல் துருத்தூள் போன்ற செந்தூசி. நல்ல மருந்தில் லேசான ஈதர் வாசனை இருக்கலாம். அது கெட்டதற்கு அறிகுறி ஆகாது. கட்டிய தோட்டாவில் கூட்டின் பக்கத்தில் பச்சை நிறக் களிம்பும், கழுத்தில் மெல்லிய விரிசலும் தெரிந்தால் உள்ளே இருப்பதைச் சந்தேகிக்க வேண்டும்.

சேமிப்பில் கவனிக்க வேண்டியவை சிலவே. உரிமம் அனுமதித்த அளவுக்கு மேல் வைக்கக் கூடாது. வந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும். அந்த டப்பா வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்படுகிறது, தீப்பிடித்தால் மூடி எளிதில் திறந்து அழுத்தம் வெளியேறும். பாதுகாப்பு என்று எண்ணிக் கனத்த இரும்புப் பெட்டிக்குள் இறுக மூடினால் இரண்டாம் படியில் கண்ட அதே சுழலுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத இடம் போதும். பிரைமர்களை அதே அலமாரியில் வைக்கக் கூடாது. சமையலறை, பூஜையறை, மின்கலம் இருக்கும் அறை மூன்றும் ஆகா.

எட்டாம் படி: சுடுதளத்தில் மருந்து சரியாக எரியாதபோது

விசையை அழுத்தியும் சத்தம் வரவில்லையென்றால் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும். குறைந்தது முப்பது நொடிகள் காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றி, சில நொடிகள் கழித்துச் சுடுவதுண்டு. வாய்வழி நிரப்பும் கருமருந்துத் துப்பாக்கியில் கங்கு உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம் என்பதால் இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பிறகு தள அலுவலரின் சொற்படி தோட்டாவை வெளியே எடுங்கள்.

இதைவிடக் கொடியது மெல்லிய சத்தம். வழக்கமான ஓசைக்குப் பதில் ஒரு சின்னப் பொட்டு, தோளில் உதைப்பு இல்லை, தாளில் துளை இல்லை என்றால், மருந்து குறைவாகவோ ஈரமாகவோ இருந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் முன்னால் இருக்கும் குண்டு அடைப்பாகி, குழல் பிளந்துவிடும். உடனே கையை உயர்த்தி நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். போட்டியில் புள்ளி போய்விடுமே என்று தயங்கக் கூடாது.

பழைய தோட்டா கிடைத்தால்

பரணில், தாத்தாவின் இரும்புப் பெட்டியில், தோட்டத்து மண்ணில், மலைச்சரிவில் பழைய தோட்டாக்கள் கிடைப்பது அரிதல்ல. அவற்றைச் சுட்டுப் பார்ப்பதும், இடுக்கியால் குண்டைப் பிடுங்குவதும், உள்ளிருக்கும் மருந்தைக் கொட்டிக் கொளுத்துவதும், பழைய இரும்புக் கடையில் பித்தளைக்காகப் போடுவதும் கூடாதவை. கைவிரல் அளவைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது அது தோட்டாதானா என்ற ஐயம் இருந்தால், தொடவே வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, 112 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். சாதாரணத் தோட்டா என்று தெளிவாகத் தெரிந்தாலும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றமாகும் என்பதால் பையில் எடுத்துக்கொண்டு போகாமல், இருக்கும் இடத்திலேயே விட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எழுத்துமூலமாகத் தெரிவியுங்கள். உரிமம் உள்ளவர்களும், தம் உரிமத்தில் குறித்த வகையைச் சேராத தோட்டா கிடைத்தால் இதே முறையைத்தான் பின்பற்ற வேண்டும். தெரிவித்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி, உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.